மாரடைப்பின் அறிகுறிகளை அடையாளம் காண்பது எப்படி: சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று ஒருவர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இது வாயுவா, மாரடைப்பா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு வீட்டில் இருக்கும் யாராலும் விடை சொல்ல முடியாது. நாடி பிடித்துப் பார்த்தாலும் தெரியாது, நெஞ்சை அழுத்திப் பார்த்தாலும் தெரியாது. அனுபவமுள்ள மருத்துவரே ஈசிஜி பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டார். வீட்டில் இருப்பவர்கள் முடிவு செய்ய வேண்டியது வேறு ஒன்று: இவரை இந்த நிமிடமே ஈசிஜி எடுக்க அனுப்ப வேண்டுமா, வேண்டாமா? அந்த முடிவை எப்படி எடுப்பது, எடுத்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

இதயத் தசைக்கே ரத்தம் கொண்டு போகும் குழாய்களின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புத் திட்டு படிந்திருக்கும். ஒரு நாள் அந்தத் திட்டின் மேல்தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தைக் காயம் என்று நினைத்து ரத்தத் தட்டணுக்கள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. முழுதாக அடைபட்டால், ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடங்களில் தசை சாகத் தொடங்குகிறது. சாவு உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். 6 மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சேதம் முடிந்துவிடும். செத்த இதயத் தசை மீண்டும் வளராது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்று கடத்தும் ஒவ்வொரு மணி நேரமும் தசையாகக் கழிகிறது. இன்னொன்று, கிழியும் திட்டு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாதிகூட அடைக்காத சிறு திட்டும் கிழியலாம். அதனால்தான் போன மாதம் டிரெட்மில் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தவருக்கும் இந்த மாதம் மாரடைப்பு வருகிறது. "இப்பத்தான் மாஸ்டர் செக்கப் பண்ணுனேன்" என்பதை அடைப்பு வராது என்பதற்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் படி: வலியின் தன்மையைக் கேளுங்கள்

"வலிக்குதா?" என்று மட்டும் கேட்டால் பலர் "இல்லை" என்பார்கள். ஏனென்றால் மாரடைப்பில் பலருக்கு வருவது குத்தும் வலி இல்லை, அழுத்தம். நம் மக்கள் சொல்லும் சொற்களையே கவனியுங்கள்: நெஞ்சு அடைக்குது, கனக்குது, இறுக்குது, பிசையுது, பாறாங்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு, எரியுது. இடத்தைக் காட்டச் சொன்னால் ஒரு விரலை நீட்ட மாட்டார். உள்ளங்கையையோ மூடிய முட்டியையோ நெஞ்சின் நடுவில் வைப்பார். இதயம் இடப்பக்கம்தானே என்று இடது மார்பையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பெரும்பாலும் நடு நெஞ்சு, சில நேரம் தொப்புளுக்கு மேலே மேல்வயிறு.

அடுத்து, அது எங்கே பரவுகிறது என்று கேளுங்கள். இடது கை எல்லோருக்கும் தெரியும். ஆனால் வலது தோள், இரண்டு கைகள், கழுத்து, கீழ்த்தாடை, பல், இரண்டு தோள்பட்டைக்கு நடுவே முதுகு ஆகிய இடங்களுக்கும் போகும். வலது கைக்கோ இரண்டு கைகளுக்கோ பரவுகிறது என்றால் சந்தேகம் குறையக் கூடாது, கூட வேண்டும். அம்மாபேட்டையிலும் குகையிலும் தறியில் உட்காருபவர்கள், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் குனிந்தே வேலை பார்ப்பவர்கள், லீ பஜாரில் மூட்டை தூக்குபவர்கள் ஆகியோருக்குத் தோள் கடுப்பு அன்றாடம் இருப்பதுதான். அதனாலேயே அவர்கள் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடும் ஆபத்தும் அதிகம். வேலைக் கடுப்பு என்றால் கையை அசைத்தால் கூடும், அழுத்தினால் வலிக்கும், சாய்ந்து படுத்தால் மாறும். இதய வலி கையை எப்படி வைத்தாலும் அப்படியே இருக்கும், நடந்தால் கூடும்.

மூன்றாவது, உடன் வரும் அறிகுறிகள். காற்றாடி ஓடும்போதே சில்லென்று வேர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, ஓங்கரிப்பு அல்லது வாந்தி, தலை கிறுகிறுப்பு, முகம் வெளிறுவது, "எனக்கு என்னமோ ஆகப்போகுது" என்ற இனம்புரியாத பயம். இவற்றில் அந்தச் சில்லென்ற வேர்வையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் வேர்ப்பது இயல்புதான். ஆனால் வெயிலின் வேர்வையில் தோல் சூடாகச் சிவந்திருக்கும். இந்த வேர்வையில் நெற்றியைத் தொட்டால் ஈரத்துணியைத் தொட்டது போல் குளிர்ந்திருக்கும்.

முடிவு இப்படி எடுங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு மேலே சொன்ன உடன் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். தனி அழுத்தம் மட்டும் என்றால் உட்கார வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் முழுதாகப் போகவில்லை என்றால் 108. விட்டு விட்டு வந்தாலும் அதே விதிதான்.

நுனி விரலால் தொட்டுக் காட்டும் வலி, மூச்சை இழுத்தால் மட்டும் குத்தும் வலி, சில நொடிகளில் மறையும் வலி ஆகியவை இதயத்தால் வருவது குறைவு. குறைவு என்பதற்கு இல்லை என்று பொருளில்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இவற்றில் ஒன்று இருப்பவர் இந்த வேறுபாட்டை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம்.

வலியே இல்லாத மாரடைப்பு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கைவிட்டுப் போகும் உயிர்கள் இங்கேதான் அதிகம். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்கு நரம்புகள் மழுங்கியிருக்கும். காலில் ஆணி குத்தினாலும் தெரியாத அதே காரணத்தால், இதயத் தசை சாகும்போதும் வலி மூளைக்குப் போய்ச் சேராது. அவர்களுக்குத் தெரிவதெல்லாம் மூச்சு வாங்குவது, திடீர்ச் சோர்வு, வேர்வை, வாந்தி. சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்து இனிப்பைக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருப்பார்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இல்லாமல் வேர்வையும் சோர்வும் இருந்தால் அது இதயம் என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இனிப்பு கொடுத்து அளவு ஏறிய பிறகும் வேர்வை நிற்கவில்லை என்றாலும் அப்படித்தான்.

பெண்களுக்கும் நெஞ்சு அழுத்தம் வரும். ஆனால் அதோடு மூச்சுத் திணறல், முதுகு, தாடை, கழுத்து வலி, குமட்டல், இதுவரை இல்லாத அசதி ஆகியவை முன்னுக்கு நின்று நெஞ்சை மறைத்துவிடும். "வேலை ஜாஸ்தி, அதான்" என்று அம்மா தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். வாசல் பெருக்கிக் கோலம் போடுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்து எழுகிறார், நேற்று வரை அப்படி இல்லை என்றால், கேளுங்கள், அழைத்துப் போங்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் திடீர்க் குழப்பமோ மயங்கி விழுவதோகூட முதல் அறிகுறியாக இருக்கலாம்.

நாட்களுக்கு முன்பே வரும் எச்சரிக்கை

பலருக்கு முழு அடைப்புக்குச் சில நாளோ வாரமோ முன்பே உடல் சொல்லிவிடும். படி ஏறும்போது, சாப்பிட்டதும் நடக்கும்போது, மேட்டில் வண்டியைத் தள்ளும்போது நெஞ்சு இறுக்கும். நின்றால் 2 முதல் 5 நிமிடத்தில் போய்விடும். நின்றதும் போய்விடுவதால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. இப்படி ஒரு முறை வந்தாலும் அந்த வாரத்திலேயே இதயநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த இறுக்கம் மாறத் தொடங்கினால் நிலைமை வேறு. முன்பு இரண்டு மாடி ஏறினால் வந்தது இப்போது ஒரு மாடியிலேயே வருகிறது, அடிக்கடி வருகிறது, நின்ற பிறகும் நீடிக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்திலோ வருகிறது. இந்த நான்கில் ஒன்று நடந்தாலும் குழாயில் உறைவு தொடங்கிவிட்டது என்று பொருள் கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சமவெளியிலிருந்து ஏற்காட்டுக்கு வருபவர்களுக்கும் ஒரு சொல். ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் பெரும்பாலானவர்களின் இதயத்தைப் பாதிப்பதில்லை. ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குளிர்காற்றில் மேடு ஏறுவது, கீழே தெரியாமல் இருந்த இறுக்கத்தை வெளியே கொண்டுவரும். நடுவழியில் நெஞ்சு இறுக்கினால் காட்சி முனை வரை போய்விட்டுத் திரும்பலாம் என்று நினைக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.

வாயு என்ற நம்பிக்கை

"வாய்வு புடிச்சிருக்கு, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்." இந்த ஒரு வாக்கியம் வாங்கிய நேரம் கொஞ்சமில்லை. இப்படி ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. இதயத்திலிருந்தும் இரைப்பையின் மேல்பகுதி, உணவுக்குழாயிலிருந்தும் வரும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே பகுதிக்குப் போய்ச் சேர்கின்றன; எது எங்கிருந்து வருகிறது என்று மூளைக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. இதயத்தின் அடிப்பாகம் அடைபடும்போது இதயத்தையும் வயிற்றையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு வாந்தியும் ஏப்பமும் உண்மையாகவே வரும். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசாக இருப்பது போலவும் தோன்றும். ஆகவே ஏப்பம் வந்ததையோ அமில மாத்திரையில் எரிச்சல் குறைந்ததையோ வைத்து இதயம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இதுவரை வாயுத் தொல்லையே இல்லாத ஒருவருக்கு நாற்பது வயதுக்குமேல் முதன்முறையாக வேர்வையோடு "வாயு" வந்தால், ஈசிஜி எடுக்கும்வரை அதை வாயு என்று அழைக்காதீர்கள்.

முதல் பத்து நிமிடம்

உட்கார வையுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடித்து, தரையிலேயே உட்காருவது நல்லது. மயங்கினாலும் விழ உயரம் இருக்காது. சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள். குறிப்பாகக் கழிப்பறைக்கு. மாரடைப்பில் மலம் கழிக்கும் உணர்வு வருவதுண்டு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு முக்கும்போது விழுபவர்கள் உண்டு.

108-ஐக் கூப்பிடுங்கள். பதற்றத்தில் விவரம் விட்டுப்போகும், ஆகவே இப்படிச் சொல்லலாம்: "எங்க அப்பாவுக்குங்க, வயசு 58. நெஞ்சு அடைக்குதுன்றாரு, வேர்த்து ஊத்துது. ஆறே காலுக்கு ஆரம்பிச்சது. சர்க்கரை இருக்குங்க. நெனவோடதான் இருக்காரு." பிறகு தெரு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளி. ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான், எந்தச் சிகிச்சை என்பதும் அதைப் பொறுத்தது.

அழைத்த பிறகு ஆஸ்பிரின். அளவு ஏறத்தாழ 300 மி.கி.: 75 மி.கி. என்றால் நான்கு, 150 மி.கி. என்றால் இரண்டு, 325 மி.கி. கரையும் மாத்திரை என்றால் ஒன்று. விழுங்கக் கூடாது, மென்று தின்ன வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் 75, 150 மாத்திரைகள் பெரும்பாலும் வயிற்றில் கரையாத பூச்சு போட்டவை. மெல்லாமல் விழுங்கினால் வேலை செய்ய மணிக்கணக்காகும். ஆஸ்பிரின் ஒவ்வாமை, அதனால் வரும் மூச்சிழுப்பு, ரத்த வாந்தி, கறுப்பு மலம், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது இருந்தால் கொடுக்க வேண்டாம். முதுகைக் கிழிப்பது போல எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் தொடங்கிய வலி என்றாலும் வேண்டாம். அது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியின் கிழிவாக இருக்கலாம். ரத்தம் உறையாமைக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர் என்றால் 108-இல் கேட்டுக் கொடுங்கள். பாராசிட்டமால் ஆஸ்பிரினுக்கு மாற்று இல்லை. டைக்ளோபீனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கெடுதல்.

நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பையில் வைத்துக்கொண்டு யார் நெஞ்சைப் பிடித்தாலும் நாக்கின் அடியில் வைத்துவிடும் பழக்கம் பரவிவிட்டது. அது ரத்தக் குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். இதயத்தின் வலது கீழறை பாதிக்கப்பட்டவருக்கு அந்த இறக்கமே உயிருக்கு ஆபத்து. அது எந்த வகை என்பது ஈசிஜிக்கு முன் தெரியாது. மருத்துவர் அவருக்கென்றே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், உட்கார்ந்த நிலையில் 5 மி.கி. ஒன்று. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையை 24 மணி நேரத்துக்குள்ளோ டடலாஃபிலை 48 மணி நேரத்துக்குள்ளோ எடுத்தவருக்குக் கொடுக்கவே கூடாது. வீட்டில் வெட்கப்பட்டு மறைக்கக்கூடிய செய்தி இது. மருத்துவரிடமாவது தனியாகச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

சோடா, பால், சாப்பாடு வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் "பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும்" என்பதும், மிளகாய்த் தூள் தண்ணீரும் பலனற்றவை. தானே வண்டி ஓட்டிப் போகவோ, பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் போகவோ கூடாது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று 108-இலேயே சொன்னால் மட்டும் கார் அல்லது ஆட்டோ. பக்கத்தில், இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும்.

மலையில் இருந்தால்

ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர் அளவில்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், மூடுபனியோ நெரிசலோ இருந்தால் இன்னும் கூடும். நேராகக் கீழே இறங்கிவிடத்தான் மனம் துடிக்கும். ஆனால் வழியில் இதயத் துடிப்பு தடம் புரண்டால் காரில் மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்காது, வளைவில் நிறுத்தவும் இடம் இருக்காது. ஆகவே முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனை. ஈசிஜி, முதல் மருந்து, அங்கிருந்து 108 வண்டியில் கீழே. ஈசிஜி தாளைப் படமெடுத்து, சேரப்போகும் மருத்துவமனைக்கு முன்னதாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

உள்கிராமத்திலும் எஸ்டேட்டிலும் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ முதலில் போகலாம். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே முதல் மருந்து கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு, ஆக 14 மாத்திரை. வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் எத்தனை என்று சொல்லுங்கள். காபிப் பழம் பறிக்கும் பருவத்திலும் மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறும் பருவத்திலும் தோட்டத்தில் போன் சிக்னல் கிடைக்கும் இடம் எது, இரவில் ஜீப் யாரிடம் இருக்கிறது என்று கங்காணிக்கும் வேலையாட்களுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நினைவிழந்து விழுந்தால்

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது. கரைக்கு வந்த மீன் போல எப்போதாவது வாயைத் திறந்து இழுப்பதை மூச்சு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் பலர் கையைக் கட்டி நிற்கிறார்கள். கட்டிலில் இருந்தால் தரைக்கு இறக்குங்கள், மெத்தையில் அழுத்தம் இறங்காது. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கை அடி, அதன்மேல் மற்றொன்று, முழங்கை மடங்காமல். 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். வாய்வழி மூச்சு தெரியாவிட்டால் அழுத்தம் மட்டும் போதும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழம் போகாது. விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம். நிறுத்தாதீர்கள்.

மருத்துவமனையில்

வந்த 10 நிமிடத்துக்குள் 12 லீட் ஈசிஜி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். டோக்கன் வரிசையில் உட்கார வேண்டாம். "நெஞ்சுவலி" என்று உரக்கச் சொல்லி அவசரப் பிரிவுக்குள் போங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்து, வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் எடுக்க வேண்டும். இதயத்தின் பின்பக்க அடைப்பு வழக்கமான ஈசிஜியில் ஒளிந்துகொள்ளும். முதுகில் லீட் (ஈசிஜி ஒட்டுக் கம்பி) வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இதயத் தசை சேதமானால் கசியும் டிரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் தெரிய 3 முதல் 6 மணி நேரம் பிடிக்கலாம். ஆகவே வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த ஒரே ஒரு டிரோபோனினையும் ஒரே ஒரு ஈசிஜியையும் வைத்து "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பினால், "அடுத்த டெஸ்ட் எப்போ எடுப்பீங்க டாக்டர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முழு அடைப்பு என்று தெரிந்தால் வழி இரண்டு. 120 நிமிடத்துக்குள் கேத் லேபில் (ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழல் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறை) குழாயைத் திறக்க முடியும் என்றால் ஆஞ்சியோபிளாஸ்டி. முடியாது என்றால் உறைவைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ (சாயம் செலுத்திக் குழாயைப் படமெடுப்பது). முதல் 3 மணி நேரத்தில் போடும் ஊசிக்குப் பலன் மிக அதிகம். 12 மணி நேரம் வரை போடலாம். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கலாம்" என்று உறவினர்கள் ஊசியைத் தடுத்து நேரம் கடத்துவது பெரிய தவறு. பக்கவாதம், தலையில் அடி, அண்மை அறுவைச் சிகிச்சை, ரத்தக்கசிவு ஆகியவற்றைக் கேட்பார்கள், மறைக்காதீர்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு அருகில் இரவிலும் கேத் லேப் இயங்கும் மருத்துவமனை எது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை ஏற்பார்களா என்று நல்ல நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டை, பழைய ஈசிஜி, தினம் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். பழைய ஈசிஜியில் இருந்த மாற்றமா, இன்று வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது கை கொடுக்கும். கரைப்பு ஊசியாக ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டிருந்தால் அந்தப் பெயரும் தேதியும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்றும் அதே உறையில் இருக்கட்டும். உடலில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிவிடுவதால் அந்த மருந்தை இன்னொரு முறை போட மாட்டார்கள், வேறு ஊசிதான் போட வேண்டியிருக்கும்.